பாதியில் நின்ற ஜெபம்

புதிதாகக் குருப்பட்டம் வாங்கி, உதவி குருவாகப் போகிற பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஐயா, மூத்த குருவானவரோடு ஒத்துப்போவது எப்படி?" அது பெரிய வித்தை இல்லை. அவர் நின்றால் நில்லுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள், அவர் பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அங்கியை மடிப்பதும் மணி அடிக்கும் நேரமும் கோயில்பிள்ளை சொல்லித் தருவார். அதற்கெல்லாம் ஓய்வுபெற்ற கிழவன் எதற்கு?

உதவி குருவின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பல வருஷம் எந்தப் பொறுப்பும் உங்களுடையதாக இருக்காது. பிறகு ஒரு நாள் எல்லாப் பொறுப்பும் சேர்ந்து உங்கள் தலையில் வந்து விழும். அன்றைக்கு யாரிடமும் யோசனை கேட்க நேரம் இருக்காது. எனக்கு அப்படி விழுந்த நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

சுதந்தரம் வந்த அதே வருஷம், தென்னிந்தியாவில் தனித்தனியாக இருந்த எங்கள் சபைகளும் ஒன்றாயின. உங்களுக்கு இப்போது அது ஒரு பரீட்சைக் கேள்வி. எங்களுக்கோ கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிட்டது, குடித்தனம்தான் வருஷக்கணக்கில் இழுத்தது. அத்தியட்சர் என்று அப்போது பேர், இப்போது நீங்கள் பேராயர் என்கிறீர்கள். அந்தப் பதவியே இல்லாத சபையில் நான் பிறந்தவன். பரமக்குடிப் பக்கம் எங்கள் சபை. சபை மூப்பர்களும் மற்றப் போதகர்களும் சேர்ந்து என் தலையில் கை வைத்து என்னைப் போதகராக்கினார்கள். பத்து வருஷம் அங்கே வெள்ளை ஜிப்பாவோடு, மேசைக்குப் பின்னால் ஜனங்களைப் பார்த்து நின்று அப்பமும் பாத்திரமும் கொடுத்தேன். சபைகள் ஒன்றான பிறகு, இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து பழகட்டும் என்று புதிய பேராயர் என்னை ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, மண்டபம் போகிற ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு பழைய சபைக்கு உதவி குருவாக அனுப்பினார்.

அந்தச் சபை தலைமுறை தலைமுறையாக அத்தியட்சரின் கீழ் இருந்தது. அங்கே பலிபீடம் கிழக்குச் சுவரோடு ஒட்டி இருக்கும். குருவானவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தணிந்த குரலில் நற்கருணை ஜெபத்தைச் சொல்லுவார். தன் தலையில் அத்தியட்சரின் கை பட்டுப் பட்டம் வாங்கியவர் ஜெபம் சொன்னால்தான் அப்பமும் திராட்சரசமும் நற்கருணை ஆகும் என்பது அவர்களுடைய விசுவாசம். அந்தக் கை இயேசுவின் சீஷர்களான அப்போஸ்தலர் காலத்திலிருந்து ஒருவர் தலை மாற்றி ஒருவர் தலைக்கு வருகிறது என்று நம்பினார்கள். என் தலையில் பட்ட கைகளோ நெசவாளர் கைகளும் பள்ளி ஆசிரியர் கைகளும்தான்.

ஒன்றாகும்போது பெரியவர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். மனச்சாட்சி ஒப்பாத கையிலிருந்து நற்கருணை வாங்கும்படி யாரையும் வற்புறுத்தமாட்டோம் என்பது அந்த வாக்கு. நல்ல வாக்குதான். அங்கே ஒப்பாத கை என் கையாகப் போய்விட்டது. ஆகவே நான் பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்கம் பண்ணலாம், வீடு வீடாகப் போகலாம். நற்கருணையில் மட்டும் குருவானவர் ஜெபித்துக் கொடுக்கிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகவேண்டும். பத்து வருஷம் போதகராக இருந்தவனுக்கு இது உறைக்காமல் இருக்குமா? உறைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஹெட்மாஸ்டர் என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியின் தலைவர், முன்வரிசையில் அவருக்கென்று ஓர் இடம். ஊரே அவரை ஹெட்மாஸ்டர் என்றுதான் சொல்லும்.

"ஐயா, நேராச் சொல்லிப்புடுறேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்ல மனுசராத்தான் தெரியுறீங்க. ஆனா அத்தியட்சர் கைபடாத குருகிட்ட நான் நற்கருணை வாங்கமாட்டேன். எங்க அய்யாவும் வாங்கமாட்டாக, அவுக அய்யாவும் வாங்கமாட்டாக."

"அவுக ரெண்டு பேரும் இப்ப வாங்க வாரதா இல்லையே சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் சொன்னாள்: "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி எடங்குடுக்க மாட்டான்னு சொல்லுவாக. இங்கன பூசாரி ரெடியா நிக்கிறாரு, எடங்குடுக்காதது சனங்கதான்."

குருவானவர் நல்லவர். ஒல்லியான உடம்பு, கண்டிப்பான மனிதர், உபவாசத்தில் தன்னிடம் காட்டுகிற கண்டிப்பை மற்றவர்களிடம் காட்டமாட்டார். நான் படுகிற அவமானத்தை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"தம்பி, புதுப் பேராயர் ரெண்டாந் தடவ கை வைக்கமாட்டார், எல்லார் பட்டமும் செல்லும்னு ஒப்புக்கிட்டாச்சு. மலையில ஓய்வா இருக்கிற பழைய அத்தியட்சர் ஒருத்தர் எனக்குப் பழக்கம். ஒரு தடவ போயிட்டு வாங்க. அவர் வீட்டு ஜெப அறையிலேயே கை வெச்சிருவார். நாலு பேருக்குத் தெரிய வேண்டியதில்ல. அப்புறம் ஹெட்மாஸ்டர்ல இருந்து எல்லாரும் உங்ககிட்ட வாங்குவாங்க."

"ஐயா, அப்ப பத்து வருசமா நான் குடுத்தது என்ன?"

பரமக்குடியில் ஒரு தறிக்காரர் சாகும் தறுவாயில் என் கையால் ஒரு சிறு துண்டு அப்பம் வாங்கினார். விழுங்க முடியவில்லை. நாக்கிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அது வெறும் ரொட்டி என்று நான் மலைக்குப் போய் மண்டியிட்டு ஒப்புக்கொண்டு வரவேண்டுமா? மாட்டேன் என்று சொன்னேன். குருவானவர் தலையசைத்தார். என் இலையில் இன்னும் கொஞ்சம் மீன் வைக்கச் சொன்னார். பிறகு வெகு நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் முறைத்துக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. உதவி குருவுக்கு என்ன வேலை உண்டோ அதையெல்லாம் செய்தேன். தீவுப் பக்கம் அக்காள்மடத்தில் எங்கள் சபையார் சில குடும்பங்கள் இருந்தார்கள், கடல் தொழிலாளிகள். அவர்களைப் பார்க்க ரயில் ஏறிப் போவேன். காய்ச்சல் வீடு, சாவு வீடு, சண்டை வீடு எதையும் விடவில்லை. ஹெட்மாஸ்டரும் நானும் பள்ளிக்கூடத்துக் கூரைக்காகச் சேர்ந்து அலைந்தோம், கமிட்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதாடினோம். ஞாயிற்றுக்கிழமை ஹெட்மாஸ்டர் குருவானவர் கையால் அப்பம் வாங்குவார், அவர் ஜெபித்த பாத்திரத்தில் நான் பிடிக்க ஒரு வாய் குடிப்பார். அது வரைக்கும்தான் எங்கள் உடன்படிக்கை.

ஒரு வருஷம் உயிர்த்தெழுந்த பண்டிகை. பங்குனி வெயில் காலையிலேயே தொடங்கிவிட்டது. கோயில் நிறைந்து வாசலிலும் ஜனங்கள் நின்றார்கள். அக்காள்மடத்துக் குடும்பங்கள் குழந்தைகுட்டிகளோடு ரயிலில் வந்திருந்தார்கள். நற்கருணை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் அவர்கள். குருவானவரோ பெரிய வெள்ளியிலிருந்து தண்ணீர் தவிர வேறொன்றும் தொடவில்லை. உடை மாற்றும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "ஐயா, ஒரு வாய் கஞ்சி குடிங்க" என்றேன். "ஆராதனை முடியட்டும் தம்பி" என்றார்.

நற்கருணை ஜெபத்துக்கு வந்தோம். நான் அவர் வலப்பக்கத்தில் நின்றேன். அப்பத்தை எடுத்தார், அதற்குரிய வார்த்தைகளைச் சொன்னார், பிட்டார், தட்டில் வைத்தார். பாத்திரத்தை எடுக்கக் கையை நீட்டினார். கை பாத்திரத்தைத் தொடவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். என் ஒரு கை அவர் இடுப்பைப் பிடித்தது, இன்னொரு கை பாத்திரம் கவிழாமல் பிடித்தது. எப்படிப் பிடித்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கோயிலுக்குள் ஒரே கூச்சல். ஹெட்மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து குருவானவரைத் தூக்கிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. சத்தம் கேட்டு எதிரே கடை வைத்திருந்த மரைக்காயர் தன் காரைக் கோயில் பக்கவாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோயிச் சேக்குறேன். நீங்க உள்ள போயி உங்க தொழுகைய முடிங்க" என்றார். கமிட்டிக்காரர்கள் இருவர் கூட ஏறிக்கொண்டார்கள். கார் போய்விட்டது.

நான் பலிபீடத்துக்குத் திரும்பும்போது ஹெட்மாஸ்டர் பக்கத்தில் வந்து என் காதோடு கேட்டார். "ஐயா, ஜெபம் முடிஞ்சிருச்சா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குருவானவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சொன்னது தணிந்த குரலில். எங்கே நிறுத்தினார் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் தலையை ஆட்டினால் போதும். ஹெட்மாஸ்டர் நிம்மதியாகப் போய் மண்டியிடுவார், பசியோடு வந்த ஜனங்கள் வாங்கிக்கொண்டு போவார்கள், பண்டிகை பண்டிகையாக முடியும். என் விசுவாசத்தின்படி அதில் ஒரு குறையும் வராது. பாத்திரத்துக்குரிய ஜெபத்தை நானே மனசுக்குள் சொல்லிவிட்டுக் கொடுத்தால் எனக்கு அது முழு நற்கருணைதான். அவர் முகத்திலும் 'ஆமா என்று சொல்லிவிடுங்களேன்' என்ற கெஞ்சல் இருந்தது. எனக்குள் ஒரு குறும்புப் பிசாசுகூடச் சொல்லிற்று: இத்தனை வருஷம் உன் கையை வேண்டாம் என்றவர், தெரியாமலே உன் கையால் குடிக்கட்டுமே.

அந்தக் கடைசி நினைப்புதான் என்னைத் தட்டி எழுப்பியது. தெரியாமல் குடிக்கவைத்தால் அவர் மனச்சாட்சியை நான் திருடினேன் என்று அர்த்தம். கூடவே இன்னொன்று. என் கை ஒளித்துக் கொடுக்கவேண்டிய கை என்று நானே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். மலைக்குப் போகமாட்டேன் என்று எதற்காகச் சொன்னேன்?

"அப்பத்துக்கு முடிஞ்சது சார். பாத்திரத்துக்கு முடியல" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்ன செய்யப்போறீங்க?"

"மிச்சத்த நான் சொல்லப்போறேன். சனங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

ஜனங்களை நோக்கித் திரும்பி நின்றேன். அந்தக் கோயிலில் பலிபீடத்தின் முன்னே நின்று ஜனங்களின் முகத்தைப் பார்த்தது அன்றுதான். குருவானவர் உயிரோடு இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று முதலில் சொன்னேன். பிறகு நடந்ததை உள்ளபடி சொன்னேன். அப்பத்துக்கு அவர் ஜெபித்துவிட்டார், பாத்திரத்துக்கு நான் ஜெபிக்கப்போகிறேன். என் கையை ஏற்காதவர்கள் அப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போகலாம். அவர்களைப் பற்றி நான் குறைவாக நினைக்கமாட்டேன், நீங்களும் நினைக்கவேண்டாம் என்று சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்று உங்களிடம் பெருமையடிக்கமாட்டேன். நடுங்கியது.

பாத்திரத்துக்குரிய ஜெபத்தை வாசல்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னேன். ஒருவரும் எதைச் சொன்னேன் எதை விட்டேன் என்று சந்தேகப்படக்கூடாது. ஜனங்கள் வரிசையாக வந்து மண்டியிட்டார்கள். நானே அப்பம் கொடுத்துப் போய், திரும்பி வந்து பாத்திரத்தை எடுத்தேன். அக்காள்மடத்துக்காரர்கள் ஒருவர் விடாமல் குடித்தார்கள். பழைய குடும்பங்களில் பாதிப்பேர் அப்பத்தோடு எழுந்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டரின் மனைவி குடித்தார். அவருக்கு அடுத்து ஹெட்மாஸ்டர் மண்டியிட்டிருந்தார். பாத்திரத்தை நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு அடுத்தவரிடம் போனேன். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் அறைக்குள் வந்தார்.

"நீங்க தலைய ஆட்டியிருந்தா நான் குடிச்சிருப்பேன்."

"தெரியும் சார்."

"பெறகு ஏன் ஆட்டல? யாருக்குத் தெரியப்போகுது? குருவானவருக்கே ஞாபகம் இருக்காதே."

"எனக்கு ஞாபகம் இருக்குமே சார்."

அவர் என் அங்கியை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். இருவரும் ஒரே குதிரைவண்டியில் போனோம்.

குருவானவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பக்கம் கையும் காலும் சரியாக வரவில்லை. பீடத்தில் நின்று ஆராதனை நடத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் இருந்த மகள் வீட்டுக்குப் போக ஏற்பாடாயிற்று. சபை முழுதும் என் பொறுப்பில் வந்தது. போவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குளறுகிற நாக்கால் பழைய பேச்சை எடுத்தார்.

"எனக்காக இல்ல தம்பி. இந்தச் சனங்களுக்காக மலைக்குப் போயிட்டு வாங்க. பாதிக் கோயில் பட்டினி கெடக்கும்."

முதல் தடவை சுலபமாக மாட்டேன் என்றேன். அப்போது அவர்கள் எனக்கு அந்நியர்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தேன், அவர்களுடைய பெற்றோரை மண்ணில் வைத்திருந்தேன். அவர்கள் நற்கருணை நேரத்தில் இருக்கையிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சில மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு என் பிடிவாதத்தால் இவர்களைப் பட்டினி போடுகிறேனோ என்று தோன்றிவிட்டது. போவது என்று முடிவு செய்தேன். சந்தோஷப்படுவார் என்று முதலில் ஹெட்மாஸ்டரிடம் சொல்லப் போனேன். கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"சார், மலைக்குப் போறேன். அத்தியட்சர் கைய வாங்கிட்டு வாரேன்."

அவர் வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு அதுல நம்பிக்கை வந்திருச்சா?"

"உங்க நம்பிக்கை மேல எனக்கு மரியாதை இருக்கு."

"நான் அதக் கேக்கல."

"வரல சார்."

"அப்பப் போகாதீங்க." அவர் குரல் உயரவில்லை. "யாரும் பாக்காத எடத்துல, நீங்க நம்பாத ஒண்ண, எங்களுக்காகச் செஞ்சுட்டு வந்து நிப்பீங்க. நானும் வந்து மண்டி போட்டு வாங்குவேன். அன்னிக்கு அத்தன கூட்டத்துல தலைய ஆட்டாத மனுசன் இன்னிக்கு ஆட்டிட்டு வந்து குடுத்தா, அது எனக்கு எப்பிடித் தொண்டையில எறங்கும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நீங்க என்ன சார் செய்வீங்க? காலம் பூரா பட்டினியாவா கெடப்பீங்க?"

"தூத்துக்குடிப் பக்கம் பழைய முறையில பட்டம் வாங்குன குருமாரு இருக்காக. எனக்குச் சாயல்குடி வழியா பஸ் இருக்கு" என்றார்.

நான் மலைக்குப் போகவில்லை. அந்தச் சபையில் மேலும் பல வருஷம் இருந்தேன். பழைய குடும்பங்களில் சிலர் மெல்ல மெல்ல என்னிடம் வந்தார்கள், சிலர் வரவே இல்லை. வந்தவர்களை நான் ஜெயித்ததாக நினைக்கவில்லை. நீங்கள் போகிற இடத்திலும் உங்களை ஏற்காதவர் ஒருவர் இருப்பார். அவரை வளைக்கப் பார்க்காதீர்கள், அவருக்காக நீங்களும் வளையாதீர்கள். அவர் உங்களை ஏற்காமலேயே உங்களை நம்பும்படி நடந்துகொள்ள முடியும். அதற்குக் காலம் ஆகும், பிடிவாதமும் வேண்டும். எனக்குத் தெரிந்த உதவி குரு வேலை இவ்வளவுதான்.

அடுத்த உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின நாள் ஹெட்மாஸ்டர் தோள்பையோடு பஸ் ஏறினார். காலை ஆராதனையை நான் நடத்தினேன். முன்வரிசையில் அவர் இடம் காலியாக இருந்தது. மாலை ஆராதனைக்குக் கோயில்பிள்ளை இரண்டாம் மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்த நேரத்தில் அவர் வாசலில் வந்து நின்றார். தலையெல்லாம் புழுதி. வேட்டி கசங்கியிருந்தது.

"வாங்க சார். வீட்டுக்குப் போயிப் படுங்க. உக்கார எடங்கூடக் கெடைக்கல போலயே" என்றேன்.

"சாயல்குடியில இருந்து நின்னுக்கிட்டுத்தான் வந்தேன். காலு ரெண்டும் மரத்துப்போச்சு."

"அடுத்த பஸ்ஸுல வந்திருக்கலாம்ல?"

"அதுல எடம் இருந்துச்சு. அதுல வந்தா உங்க பிரசங்கம் போயிரும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். நான் மணியை அடிக்கச் சொன்னேன்.